எங்கள் மலைக்காற்றில் எரியாத டீசல்

மழை பொய்த்த வருஷம் அது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து நீர்த்தேக்கங்களில் சேறு தெரிந்தது. நாடு முழுக்கக் கரண்ட்டை வெட்டினார்கள். அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்) வெகுகாலமாகச் சும்மா கிடந்த பழைய டீசல் எஞ்சினைத் துடைத்து ஓட விட்டார்கள். காலையில் கிளப்பினால் கொழுந்து அரைத்து முடியும்வரை அது நிற்காது.

எஞ்சினின் புகைக்குழாய் ஸ்டோரின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே, சரிவில், பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. காலைக் குளிரில் புகை மேலே எழும்பாது. சரிவோடு சரிவாக இறங்கி, ஜன்னல் வழியே உள்ளே போய், தொட்டில் சீலைகளில் படியும். சாயங்காலம் பிள்ளையைத் தூக்கும் தாய் முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்தால் கறுப்பாக வரும். அக்காவின் மகனுக்கு அப்போது பல் முளைக்காத வயது. அவனும் அங்கேதான் கிடந்தான், இருமிக்கொண்டு.

நான் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கடைசி வருஷம். எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, அதுவரை யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. வகுப்பிலும் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு கேட்டபோது, மற்றவர்கள் பாலமும் அணையும் கேட்டார்கள். நான் எஞ்சினுக்குள் டீசல் எப்படி எரிகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட வேண்டும் என்றேன். எங்கள் விரிவுரையாளர் வெளிநாட்டில் அந்த வேலையைப் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வரும்போது தான் எழுதிய புரோகிராமை ஓட்டை போட்ட அட்டைகளாக ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"இது கை கறுத்துப்போகிற வேலை. பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அட்டையில் கறுப்பு ஒட்டாது சார்" என்றேன்.

சிரிக்காமல் பெட்டியைத் திறந்து காட்டினார். அவ்வளவுதான் அனுமதி.

அந்த வேலை இதுதான். எஞ்சினின் உருளைக்குள் காற்று இறுக்கப்பட்டுக் கொதிக்கிறது. ஊசித் துளை வழியாக டீசல் அதற்குள் பீய்ச்சப்படுகிறது. பீய்ச்சிய டீசல் துளிகளாக உடைகிறது, துளி ஆவியாகிறது, ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. சொல்லும்போது வரிசையாக இருக்கிறது. உள்ளே வரிசையே கிடையாது. காற்று பெரிய சுழலாகச் சுற்றுகிறது. பெரிய சுழல் சின்னச் சுழல்களாகச் சிதறுகிறது, அவை இன்னும் சின்னதாகின்றன, எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள். டீசலும் காற்றும் எவ்வளவு சூடாக இருந்தாலும், ஒன்றையொன்று சந்திக்காவிட்டால் எரிவதில்லை. அந்தச் சந்திப்பை நடத்தி வைப்பது இந்தக் கொந்தளிப்புதான்.

ஒவ்வொரு சுழலையும் தொடர எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. அதனால் உருளையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சுழல்களின் பலம் எவ்வளவு, அந்தப் பலம் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று இரண்டை மட்டும் கணக்கு வைப்போம். துளிகளையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. ஒரே மாதிரியான துளிகளை ஒரு கொத்தாகக் கட்டி, கொத்தைத் தொடர்வோம். கம்ப்யூட்டர் அறையில் அட்டைக் கட்டை மாலையில் கொடுத்தால் மறுநாள் அகலமான தாளில் விடை வரும். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி தவறினால் விடைக்குப் பதில் ஒரு வரி வசை வரும். எனக்கு வசைதான் அதிகம் வந்தது.

கடைசியில் சரியான விடை ஒன்று வந்தது. நான் கணக்கிட்டது, வெளிநாட்டில், கடற்கரை நகரமொன்றின் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த ஓர் எஞ்சினை. என் கணக்கும் அவர்களுடைய அளவும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தாற்போலப் பொருந்தின. டீசல் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்திருந்தது. விரிவுரையாளர் தாளைப் பார்த்துவிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

விடுமுறையில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். எங்கள் ஸ்டோர் எஞ்சினையும் பார்த்து அளவெடுக்க வேண்டும் என்று தோட்டத்து மேலாளரான தொரையிடம் அனுமதி கேட்கப் போனேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த தொரை அவர். நல்ல தமிழ் பேசுவார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதுல பொக எவ்வளவு வருது?"

"இதுல ரொம்பக் குறைவு சார். ஆனா இது வேற எஞ்சின். கடற்கரைப் பக்கம் ஓடினது."

"நல்லது, நல்லது. தோட்டத்துப் புள்ள இவ்வளவு செஞ்சிருக்கே! இத நான் வச்சிக்கிறேன்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, அம்மாவுடன் நானும் போனேன். பெண்கள் கூடையோடு நின்றார்கள். அம்மாதான் முன்னால் போய்ப் புகையைப் பற்றிப் பேசினாள். பிள்ளைக்காம்பராவை மாற்றுங்கள், இல்லையென்றால் குழாயை மாற்றுங்கள் என்று அவர்கள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொரை சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்து விரித்தார்.

"ஒங்க லயத்துப் பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருக்கு. எஞ்சின்ல டீசல் முழுசா எரியுதாம். பொக கெடையாதாம். இனி நீங்க என்னா சொல்றீங்க?"

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "அது இந்த எஞ்சின் இல்ல சார்! நேத்தே சொன்னேனே!" என்று கத்தினேன்.

"எஞ்சின்னா எல்லாம் எஞ்சின்தான்" என்றார் தொரை.

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். "அப்பிடீங்களா தொரை? அந்தக் கடுதாசிய பிள்ளைக்காம்பரா வாசல்ல ஒட்டி வைங்க. பொக அதப் படிச்சிப் பாத்துட்டுத் திரும்பிப் போவட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். தொரை சிரிக்கவில்லை. வேலை பிரித்துவிட்டுப் போய்விட்டார்.

லயத்தில் எங்கள் காம்பராவுக்கு, அதாவது அறைக்கு, திரும்பியதும் அக்கா என்னோடு பேசவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சுவரைப் பார்த்து, "எங்க வாயக் கட்டத்தான் இவ படிக்கப் போனாளா?" என்றாள். அம்மா அவளை அடக்கவில்லை. அடக்கியிருக்கலாம் என்று அப்போது எனக்கு ஆத்திரம். பிறகு யோசித்தபோது, அக்கா கேட்டதில் தப்பொன்றும் இல்லை என்று தோன்றியது. தொரையின்மேல்தான் கோபம் திரும்பியது. என் கையால் செய்ததை எடுத்து என் அம்மாவின் வாயில் அடைத்துவிட்டார். அதை அவர் கையிலிருந்து பிடுங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர் எங்களுக்கு மாமா முறை. அவரிடம் போய் நின்றேன். எஞ்சின் ஓட ஓட வெளியே வந்து நின்று பார்த்தால் சந்தேகமே வேண்டாம், குழாயில் கன்னங்கரேலென்று புகை. அப்படியானால் என் கணக்குக்கும் இந்த எஞ்சினுக்கும் என்ன வித்தியாசம்? மாமா கழற்றிப் போட்ட, டீசல் பீய்ச்சும் பழைய ஊசிமுனை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அதைப் பையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. கீழே இருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும். இங்கே காற்று மெலிசு. நடுவழியில் நின்றுவிட்டேன். என் புரோகிராமில் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் அட்டை ஒன்று இருந்தது. அதில் இருந்தது கடல் மட்டத்துக் காற்று.

விடுமுறை முடியும்முன்பே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன். எங்கள் ஸ்டோர் எஞ்சினையும் கணக்கிட வேண்டும் என்றேன். விரிவுரையாளர் மறுத்தார். "உன் தோட்டத்து எஞ்சினை யாரும் அளக்கவில்லை. அளக்காத எஞ்சினைக் கணக்குப் போட்டு எதோடு ஒப்பிடுவாய்? கம்ப்யூட்டர் நேரம் சும்மா கிடைக்கவில்லை. முடிந்த வேலையை எழுதிக் கொடு, போதும்."

"யாரும் அளக்கவில்லை என்பதால் அங்கே பிள்ளைகள் மூச்சு விடாமல் இருக்கவில்லை சார்" என்றேன். ஆங்கிலம் தடுமாறியது. ஆனால் சொல்லிவிட்டேன்.

"காற்றழுத்தமாவது தெரியுமா?"

"தெரியாது."

"அதைக் கொண்டு வா. பிறகு பேசலாம்."

நில அளவை ஆய்வுக்கூடத்திலிருந்து அழுத்தமானி ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கடிகாரம் போல வட்ட முகம், உள்ளே ஒரு முள். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாவலப்பிட்டி தாண்டி ரயில் மலையேறத் தொடங்கியதும் முள் மெல்லப் பின்னால் போனது. ஹட்டனில் இன்னும் பின்னால். எதிரே மரக்கறி மூட்டையோடு இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னா தங்கச்சி, மணி பின்னாடி போவுது? கெட்டுப் போன கடிகாரமா?"

"இல்லக்கா. மேல போகப் போகக் காத்து கொறையுது. அதத்தான் காட்டுது."

"அதக் காட்ட முள்ளு எதுக்கு? எங்கள மாரி மூட்டையோட ஏறிப் பாரு" என்றாள். பெட்டியே சிரித்தது. தலவாக்கலையில் இறங்கிப் பஸ் பிடித்தேன்.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது தொரையின் ஆபீசைக் கண்டு நின்றுவிட்டேன். விராந்தைக் கூரைமரத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கின. சிவப்பு, மஞ்சள், கட்டம் போட்ட பழைய சீலைகள். கிளார்க்குகள் குனிந்து குனிந்து அவற்றுக்கு நடுவே போய்வந்தார்கள். பிள்ளைக்காம்பரா ஆயா படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் யாரையும் கேட்கவில்லை. காலையில் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோகாமல் இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். போலீசைக் கூப்பிடுவேன் என்று தொரை சொன்னாராம். "கூப்பிடுங்க, அவுங்களும் கொஞ்ச நேரம் ஆட்டட்டும்" என்றாளாம் அம்மா. கொழுந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதனால் அவரால் வேலை நிறுத்தம் என்றும் சொல்ல முடியவில்லை.

அக்கா மகன் கடைசித் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அழுத்தமானியை அந்த விராந்தைச் சுவரில் வைத்து முள்ளைப் படித்தேன். தொரை வாசலில் வந்து நின்றார்.

"இது என்னா புதுசா?"

"காத்த அளக்கிறேன் சார். அன்னைக்கு நீங்க காட்டின கடுதாசில இருந்தது இந்தக் காத்து இல்ல."

அவர் உள்ளே போனார்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி அந்த அளவைக் காட்டியதும் விரிவுரையாளர் கம்ப்யூட்டர் நேரம் கொடுத்தார். அட்டையில் அழுத்தத்தை மாற்றினேன். பழைய ஊசிமுனையின் துளையை உருப்பெருக்கியில் வைத்து அளந்து, தேய்ந்து அகன்ற அளவையே போட்டேன். மாமாவின் உதவியோடு எஞ்சின் அறையில் எடுத்திருந்த மற்ற அளவுகளையும் அட்டையில் அடித்தேன். மறுநாள் வசை வந்தது. திருத்தினேன், மீண்டும் வசை. அந்த வாரத்தின் கடைசியில் தாள் நிறைய எண்கள் வந்தன.

அடர்த்தியான காற்றில் பீய்ச்சும் டீசலைக் காற்றே தடுத்து உடைக்கிறது. மெலிந்த காற்றில் தடுப்பு குறைவு. டீசல் தாரை நீளமாகப் பாய்ந்து எதிரே உள்ள பிஸ்டனில் போய் அடிக்கிறது. துளிகள் பெரிசாகவே இருக்கின்றன. பிஸ்டனிலும் உருளைச் சுவரிலும் ஒட்டியது ஆவியாவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ஆவியானதற்கும் காற்று போதவில்லை. கடல் மட்டத்துக்கு வைத்த அளவு டீசலை அங்கேயும் முழுதாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எரியாத மிச்சம் தாளில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்காம்பராவுக்குள் இறங்கியது இதுதான்.

டீசலைக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். மிச்சம் குறைந்தது, எஞ்சினின் பலமும் குறைந்தது. ஒரு ரோலரை, அதாவது கொழுந்து உருட்டும் இயந்திரத்தை, நிறுத்தினால் போதும், மற்றவை ஓடும்.

விரிவுரையாளரிடம் தாளை வைத்தேன். அவர் உட்கார்ந்து, முதலிலிருந்து, ஒரு பக்கம்கூட விடாமல் படித்தார். "நான் வருகிறேன்" என்றார்.

பல்கலைக்கழக வேனில் வந்தோம். குழாயிலிருந்து புகையை இழுத்து வெள்ளை வடிதாளில் படியவைக்கும் கைப்பம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வந்து இறங்கியதும் அம்மா வணக்கம் சொல்லிவிட்டு, நேரே ஸ்டோருக்குப் போக விடவில்லை. "மொதல்ல இங்க வாங்க சார்" என்று காலியாகக் கிடந்த பிள்ளைக்காம்பராவுக்குள் கூட்டிப்போய் நிற்க வைத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு இருமல் வந்தது. அப்புறம்தான் விட்டாள்.

டீசலைக் குறைத்துப் பார்க்க ஆபீசுக்குப் போய்க் கேட்டபோது தொரை எளிதில் இசையவில்லை. "ஒரு ரோலர நிப்பாட்டினா கொழுந்து கெட்டுப்போகும். பொறுப்பு யாருக்கு?"

"ஒரு காலைக்கு மட்டும் பாருங்க சார்" என்றேன்.

"அதுவரைக்கும் தொட்டில் இங்கதான் இருக்கும் தொரை" என்றாள் அம்மா. "பொக நின்னாத்தான் அவுப்போம். நிக்கலன்னா நீங்க ரிட்டையராகிப் போற வரைக்கும் இருக்கும்."

தொரை விராந்தையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு பிள்ளை அழ, அதைக் கேட்டு இன்னொன்று அழத் தொடங்கியிருந்தது. "ஒரே ஒரு காலை" என்றார்.

மாமா டீசல் அளவுத் திருகை இறுக்கினார். ஒரு ரோலர் நின்றது. எஞ்சினின் சத்தம் மாறியது. வெளியே ஓடிப் போய்க் குழாயைப் பார்த்தேன். புகை வந்தது. ஆனால் கறுப்பில்லை, சாம்பல். அதன் வழியாக எதிர்மலையின் தேயிலை தெரிந்தது. பெண்கள் ஒரு வெள்ளைச் சீலையைப் பிள்ளைக்காம்பரா ஜன்னலில் கட்டியிருந்தார்கள். மதியத்தில் அவிழ்த்துப் பார்த்தோம். அழுக்குத்தான். பழைய கறுப்பு இல்லை.

விரிவுரையாளர் வடிதாள்களை வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டார். "புகை குறைந்தது, உன் கணக்கு சொன்ன திசைதான். ஆனால் அது சொன்ன அளவுக்குக் குறையவில்லை. பாதிதான். சுவரில் ஒட்டும் டீசலை நீ சரியாகப் பிடிக்கவில்லை."

"பாதியாவது குறைஞ்சிதுல்ல?" என்று, நான் அதைத் தமிழில் சொன்னதும், அம்மா என்னிடம் கேட்டாள். அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

கொழுந்து கெடவில்லை. தொரை திருகைத் திறக்கச் சொல்லவில்லை. அந்த மாதத்துக்குள் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே தூக்கினார்கள். தான் செய்த ஏற்பாடு என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். எழுதிக்கொள்ளட்டும். பெண்கள் தொட்டில்களை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அக்கா என்னோடு பேசினாள், ஆனால் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளையின் இருமல் மழை வந்த பிறகும் கொஞ்ச காலம் இருந்துதான் போனது.

ஆய்வை எழுதி முடித்தேன். தலைப்பில் எங்கள் தோட்டத்தின் பெயரைப் போட்டிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கணக்கைக் குடைந்து குடைந்து கேட்டார். சொல்ல முடிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியில் ஆய்வேட்டின் மேலட்டையைத் தட்டி, "இந்தத் தோட்டத்துப் பெயர் எதற்கு? உயரமான இடம் என்று போட்டால் போதுமே. இது விஞ்ஞானம், ஊர்ச் சண்டையில்லை" என்றார்.

"நான் ஒப்பிட்ட வெளிநாட்டு அறிக்கையின் தலைப்பில் அந்தக் கடற்கரை நகரத்தின் பெயர் இருக்கிறது சார். அதை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை."

"எடுத்தால் உனக்கு நல்லது."

"எடுக்க மாட்டேன் சார்."

விரிவுரையாளர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்த எஞ்சின் எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கின் ஒரு பகுதி" என்றார். அதற்குமேல் அவர் எனக்காகப் பேசவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

புள்ளி, அதாவது மதிப்பெண், குறைத்துத்தான் போட்டார்கள். பட்டத்தில் எதிர்பார்த்த வகுப்பு கிடைக்கவில்லை. அதனால் கிடைக்க வேண்டிய உதவி விரிவுரையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. நான் ஒரு வருஷம் நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் அதே ஆய்வை, அதே தலைப்போடு, மேசைமேல் வைத்தேன். இந்த முறை வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே விரிவுரையாளரிடம் அந்த ஓட்டை போட்ட அட்டைகள் இருந்த பெட்டியைக் கேட்டு வாங்கி, சுவரில் ஒட்டும் டீசலின் கணக்கை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.